கேபினெட் சத்தம் அடங்க வாட்டர் கூலர் தேவையா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பிறகு படிக்கிறவர்களுக்கும் உதவும். 2020-ல் அசெம்பிள் செய்த மேசைக் கணினி. ரைசன் 5 3600 ப்ராசஸர், அதன் பெட்டியிலேயே வந்த கூலர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட். மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. ராத்திரி கல்யாண வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் விமானம் கிளம்புவது போலச் சத்தம், அதே அறையில் கைக்குழந்தை தூங்குகிறது. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடும்போது ப்ராசஸர் 88 டிகிரி காட்டுகிறது. கடையில் வாட்டர் கூலர் போடச் சொல்கிறார்கள், ஒன்பதாயிரம் ரூபாய். அதுவரைக்கும் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். "வாட்டர் கூலர் வாங்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: 88 டிகிரி ஆபத்தா, சத்தத்தை எப்படிக் குறைப்பது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் ஒன்பதாயிரம் ரூபாய் பதில் வருகிறது. வீட்டுக் கணினிகளை அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் பல வருடங்களாக என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறேன்.

முதலில் 88 டிகிரியை முடித்துவிடுவோம். ரைசன் 5 3600-க்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் கணினி தானாக அணைந்துவிடும். ரெண்டர் போன்ற முழுப் பாரத்தில், அந்தச் சின்னக் கூலரோடு, மதுரைக் கோடையில் 88 என்பது நான் எதிர்பார்க்கும் எண்தான். ஃபேன் வேகமும் வேலையும் மாறாமல் இருந்தால், அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறத்தாழ அத்தனை டிகிரி ப்ராசஸரும் ஏறும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை ராத்திரி பத்து மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். அறை 36 டிகிரி இருக்கும்போது 88 என்றால், டிசம்பரில் அறை 26-க்கு வந்ததும் இதே ரெண்டர் 78-ஐ ஒட்டி நிற்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயுள் குறையுமா என்று கேட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சூடு கூடினால் மின்னணுப் பாகங்களின் தேய்மானமும் கூடும் என்பது பொதுவான உண்மை. ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் இந்தச் சூட்டில் ஓடியதாலேயே செத்த வீட்டு ப்ராசஸர் ஒன்று என் கைக்கு வந்ததில்லை. வருவதெல்லாம் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஹார்ட் டிஸ்க், ஃபேன்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு வரி: "சும்மா குரோம் திறந்தாலே ஒருமுறை உறுமிவிட்டு அடங்குகிறது." இந்த வரிசை ப்ராசஸர்களின் குணம் அது. அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஏதாவது வேலை வந்ததும் ஓரிரு கோர்கள் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) 4.2 வரை தாவும், அதற்கேற்ப வோல்டேஜும் ஏறும். கோர்கள் இருக்கும் சில்லின் பரப்பு ஏறத்தாழ 74 சதுர மில்லிமீட்டர்தான். இவ்வளவு சின்ன இடத்தில் சட்டென்று மின்சாரம் பாய்ந்தால் சென்சார் ஒரு நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறிக் காட்டும், அடுத்த நொடி இறங்கிவிடும். அதற்குள் மேலே சூட்டை வாங்கிக்கொள்ள இருக்கும் அலுமினிய ஹீட்சிங்க் லேசாகக்கூடச் சூடாகியிருக்காது. ஆனால் பயாஸ், அதாவது மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள், அந்த எண்ணை நம்பி ஃபேனை விரட்டுகிறது. ஃபேன் வேகம் எடுத்து முடிக்கும்போது சூடே போயிருக்கும். அந்த உறுமலால் ஒரு டிகிரிகூடக் குறைவதில்லை, குழந்தைதான் எழுந்துகொள்கிறது. ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது. சீலிங் ஃபேன் சத்தத்தில் தூங்கிப் பழகிய நமக்கு இது தெரிந்ததுதான்.

ஃபேனின் கணக்கையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் தெரியும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்து ஓடினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். ஆக, ஒரு ஃபேனை நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டை 1,200-ல் ஓட்டினால், ஏட்டுக் கணக்கில் அதே காற்று, 12 டெசிபெல் குறைவான சத்தம். கேபினெட்டுக்குள் ஒயரும் தகடும் மறிப்பதால் நிஜத்தில் முழுதாகக் கிடைக்காது, பெரும்பகுதி கிடைக்கும். பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டுவது எப்போதும் சின்ன ஃபேனை விரட்டுவதைவிட அமைதி. உங்கள் கூலரின் ஃபேன் சின்னது, அதனால்தான் ரெண்டரில் 2,600 சுற்றுக்குப் போய்க் கத்துகிறது.

அடுத்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்து நான் ஊகிக்கத்தான் முடியும். அலுமினிய ஃபாயில் சுற்றி வரும் அட்டைக்குழாய் வீட்டில் இருந்தால் அதை ஒரு காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு ஃபேன் அருகிலும் கொண்டுபோங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால், ஓடும் ஃபேனின் நடுக்குமிழில், ஸ்டிக்கர் ஒட்டிய அந்த வட்டத்தில், விரல் நுனியால் மெதுவாக அழுத்தி இரண்டு நொடி நிறுத்துங்கள். இறக்கையைத் தொடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் விரல் போகவே கூடாது. எந்த ஃபேன் நின்றதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். அப்படியே கேபினெட்டின் பக்கத் தகட்டிலும் மேல் தகட்டிலும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் ரீங்காரம் போனால் அது தகடு அதிர்வது, ஸ்க்ரூவை இறுக்கினாலே சரியாகிவிடும்.

இதைச் செய்யும்போது கேபினெட் ஃபேன்களின் ஒயர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். கலர் கலராக எரியும் ஃபேன்களோடு வரும் விலை குறைந்த கேபினெட்டுகளில், ஃபேன் மதர்போர்டுக்கே போகாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய வெள்ளை மோலெக்ஸ் பிளக்கில் நேராக மாட்டியிருப்பார்கள். அதாவது எப்போதும் 12 வோல்ட், எப்போதும் முழு வேகம். பயாஸில் என்ன செய்தாலும் அவை கேட்காது. உங்கள் கேபினெட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று பாதிக்கு மேல் நம்புகிறேன். இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு, நான்கு பின் பிடபிள்யூஎம் (மதர்போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய) வகையில் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு வாங்கி, மதர்போர்டில் "சிஸ் ஃபேன்" என்று எழுதிய பின்னில் மாட்டுங்கள். ஒரே ஒரு பின்தான் இருக்கிறது என்றால் ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் கிடைக்கும். வழக்கமாக அந்தப் பின் ஒரு ஆம்பியர் தாங்கும், சாதாரண ஃபேன் இரண்டு மூன்றுக்குப் போதும். மூன்று பின் ஃபேன் வாங்கினால் பயாஸில் அந்த இடத்தை டிசி மோடுக்கு (வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறை) மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதுவும் முழு வேகத்தில்தான் ஓடும். புது ஃபேன் வாங்கி மாட்டிவிட்டு "இதுவும் கத்துகிறது" என்று வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்த ஒரு செட்டிங்தான்.

தூசி. நாலு வருடத்துக்கு மேல் ஆன கூலரை நீங்கள் ஒருமுறையும் கழற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூலரில் ஃபேனுக்குக் கீழே அலுமினியத் தகடுகள் வட்டமாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனின் இறக்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒரு அடுக்கு படிந்திருக்கும், டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால்தான் கண்ணில் படும். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் புகை படும் வீடுகளில் அது பிசுபிசுப்பாகிக் காற்றடித்தாலும் போகாது. அப்போது பிரஷ் தேவை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, கேபினெட்டை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோங்கள். புளோயர் அடிக்கும்போது ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் போகும். வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையை போர்டில் வைத்து உரசாதீர்கள், நிலைமின்சாரம் உண்டாகும். ஈரத்துணி வெளித்தகட்டுக்கு மட்டும்.

ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட்டையும் அதே நாளில் மாற்றிவிடலாம், ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் ப்ராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசஸரின் பின்கள் அதன் அடியிலேயே இருக்கும். காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்திருந்தால், கூலரை நேராகத் தூக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின் வளைந்தால் பெரிய தலைவலி. அதனால் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒரு ரெண்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்ததும் நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, அசைவு வந்த பிறகு தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதியது. கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்கும், பெரிய கெடுதல் இல்லை. குறைந்தால்தான் பிரச்சினை. டூத்பேஸ்ட் வைத்து ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுங்கள், அது சில நாளில் காய்ந்துவிடும். பேஸ்ட் மாற்றுவதால் எத்தனை டிகிரி குறையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழையது நன்றாக இருந்தால் இரண்டு மூன்று டிகிரி. உலர்ந்து வெடித்திருந்தால் பத்துக்கு மேல் இறங்கியும் பார்த்திருக்கிறேன்.

இனி பயாஸ். செலவே இல்லாமல் இன்று ராத்திரியே பலன் தெரிவது இதில்தான். கணினி தொடங்கும்போது டெலீட் விசையைத் தட்டி உள்ளே போங்கள். ஆசுஸ் போர்டு என்றால் க்யூ-ஃபேன், ஜிகாபைட் என்றால் ஸ்மார்ட் ஃபேன், எம்எஸ்ஐ என்றால் ஹார்டுவேர் மானிட்டர் என்று இருக்கும். ஒரு கோடும் அதில் இழுத்து நகர்த்த நான்கைந்து புள்ளிகளும் தெரியும். உங்கள் கூலருக்கு நான் வைப்பது: 60 டிகிரி வரை 35 சதவீதம், 75-ல் 55, 85-ல் 75, 92-ல் முழு வேகம். குரோம் திறந்தால் தாவும் சூடு 60-க்குள்ளேயே ஏறி இறங்கிவிடும், ஃபேன் கண்டுகொள்ளாது. உங்கள் கணினி சும்மா இருக்கும்போதே 60-ஐத் தொடுகிறது என்றால் முதல் புள்ளியை 68-க்குத் தள்ளுங்கள். இதோடு இன்னொன்று உண்டு, பலர் தொடாமல் விடுவது. ஆசுஸில் ஸ்டெப் அப், எம்எஸ்ஐயில் ஸ்டெப் அப் டைம், ஜிகாபைட்டில் டெம்பரேச்சர் இன்டர்வல் என்ற பெயரில் இருக்கும். சூடு ஏறியதும் உடனே குதிக்காமல் கொஞ்சம் பொறுத்து மெதுவாக வேகம் எடுக்கச் சொல்லும் அமைப்பு அது. இருப்பதில் அதிகமான மதிப்பை வையுங்கள். பயாஸ் பிடிக்கவில்லை என்றால் விண்டோஸில் ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இதைவிட நன்றாகச் செய்யும். கேபினெட் ஃபேன்களைக் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டோடு இணைக்கவும் அதில் வழி இருக்கிறது. பயாஸ் கோட்டை எவ்வளவு கீழே இறக்கலாம் என்பதற்கு ஒரே எல்லை, ஃபேன் நின்றுவிடக்கூடாது. சில ஃபேன்கள் 25 சதவீதத்துக்குக் கீழே சுற்றவே தொடங்காது.

சூட்டைச் சமாளிப்பதற்கு முன்னால் சூட்டையே குறைக்க முடியுமா என்றும் பார்க்கலாம். 3600-ஐ 65 வாட் ப்ராசஸர் என்று விற்றாலும் முழுப் பாரத்தில் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் ஈகோ மோட் போட்டால் அந்த உச்சம் சுமார் 61 வாட்டுக்கு இறங்கும். மூன்றில் ஒரு பங்கு சூடு போய்விடும், ஆனால் வேகம் அந்த அளவுக்குக் குறையாது, ஏனென்றால் கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் வோல்டேஜ் அநியாயத்துக்கு ஏறுகிறது. ஒரு மணி நேர ரெண்டர் சில நிமிடம் கூட எடுக்கும். எத்தனை நிமிடம் என்பது எடிட்டிங் மென்பொருளையும் வீடியோவின் கோடெக்கையும் (அதைச் சுருக்கி வைக்கும் முறை) பொறுத்தது, ஒரே ஃபைலை இரண்டு விதமாகவும் ஓட்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரைசன் மாஸ்டர் நிறுவ மனமில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் என்பதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் அது பூஸ்ட்டை முழுதாக நிறுத்திவிடும், ப்ராசஸர் 3.6-ஐத் தாண்டாது. குழந்தை தூங்கும் நேரத்துக்கு 99, பகலில் 100 என்று இரண்டு பவர் பிளான் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இதே வழிதான். 1660 சூப்பர் 125 வாட் கார்டு. எடிட்டிங்கில் அது முழுதாக உழைப்பது குறைவு, அதனால் உங்கள் சத்தத்தில் அதன் பங்கு சிறியதாக இருக்கலாம். மேலே சொன்ன விரல் சோதனையில் அதுதான் ஆள் என்று தெரிந்தால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இழுத்துவிட்டு ஃபேன் கோட்டையும் சாய்த்துவிடுங்கள். எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் அந்த மென்பொருள் வேலை செய்யும். கேம் ஆடும்போது மட்டும் "கிர்ர்" என்று மெல்லிய கீச்சொலி வந்தால் அது ஃபேன் இல்லை, கார்டின் காயில்கள் அதிர்வது. கெடுதல் இல்லை, ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் குறையும்.

முன்பக்கக் கண்ணாடிக்கு ஒரு சுலபமான சோதனை. ரெண்டரை இருபது நிமிடம் ஓட்டிச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் பேனலை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கண்ணாடி காற்றை நெரிக்கிறது என்று அர்த்தம். அப்போது கேபினெட்டே மாற்ற வேண்டும் என்பதில்லை, பேனலுக்கும் சட்டத்துக்கும் நடுவே சின்ன ரப்பர் கட்டைகள் வைத்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினாலே பாதி சரியாகும். அழகு போகும், அது உங்கள் முடிவு. காற்றின் பாதை முன்னாலிருந்து உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே. உள்ளே தள்ளும் ஃபேன் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி நுழைவது குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் மாட்டுகிறேன். ஆனால் முன்னால் வலை ஃபில்டர் இல்லாத கேபினெட்டில் அதனால் பெரிய வித்தியாசம் எதையும் பார்த்ததில்லை. இதைவிட முக்கியம், கேபினெட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது. நம் ஊர்க் கம்ப்யூட்டர் டேபிள்களில் கீழே கதவு போட்ட ஒரு அறை இருக்கும். அதற்குள் வைத்தால் வெளியே தள்ளிய சூடான காற்றையே மறுபடி இழுக்கும். பின்சுவருக்கும் கேபினெட்டுக்கும் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேன் வைப்பதால் சூடு குறையும், அதில் பொய்யில்லை. ஆனால் தகடு மறைத்திருந்த சத்தம் நேராக அறைக்கு வருகிறது, டேபிள் ஃபேன் சத்தம் வேறு, தூசி நேரடியாகப் போர்டின் மேல். அப்புறம் பல்லி. சூட்டுக்கு உள்ளே வந்து படுத்து, போர்டின் மேல் கருகிக் கிடந்த பல்லிகளை எடுத்து வெளியே போட்டிருக்கிறேன். போர்டும் அதோடு போயிருக்கும். தகட்டை மூடிவிடுங்கள்.

இப்போது வாட்டர் கூலர். ஒன்பதாயிரத்துக்குச் சொல்வது பெரும்பாலும் 240 மில்லிமீட்டர் ஏஐஓவாக (பம்ப்பும் ரேடியேட்டரும் ஒன்றாக வரும் வாட்டர் கூலர்) இருக்கும். அது குளிரவைக்காது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிரவைக்கும். 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9 13900கே மாதிரி ப்ராசஸருக்கு அது நியாயமான செலவு. 88 வாட்டுக்கு அது தேவையில்லை. தண்ணீர் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது, அங்கே அதை விரட்டுவது மறுபடியும் ஃபேன்தான், அதோடு எந்நேரமும் ஓடும் ஒரு பம்ப்பின் முனகலும் சேரும். சாதாரணக் கூலரில் ஃபேன் பழுதானால் சில நூறு ரூபாயில் வேறு ஃபேன் மாட்டலாம். ஏஐஓவில் பம்ப் நின்றால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லாம் செய்தும் ரெண்டர் சத்தம் பொறுக்கவில்லை என்றால், 120 மில்லிமீட்டர் ஃபேனும் நான்கு செம்புக் குழாயும் உள்ள டவர் ஏர் கூலர் ஒன்று வாங்குங்கள். டீப்கூல் ஏகே400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 இந்த ரகம். இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், கடைக்குக் கடை மாறும். இதே ரெண்டரை 1,200 சுற்றுக்குப் பக்கத்திலேயே சமாளித்துவிடும். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். இவை 155 முதல் 160 மில்லிமீட்டர் உயரம், உங்கள் கேபினெட் எவ்வளவு ஏற்கும் என்று அதன் விவரப் பக்கத்தில் பாருங்கள். இரண்டாவது, இப்போதுள்ள கூலர் மதர்போர்டின் பின்தகட்டில் நேராக ஸ்க்ரூ போட்டு நிற்பது. அதை மாட்டும்போது போர்டோடு வந்த இரண்டு கருப்புப் பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளைக் கழற்றியிருப்பார்கள். சில டவர் கூலர்கள் அந்தப் பிராக்கெட்டில்தான் கொக்கி போட்டு நிற்கும். பழைய மதர்போர்டு பெட்டியில் அவை இருக்கின்றனவா என்று பரண் மேல் தேடிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஃபேன் "டர்ர்" என்று உரசும் சத்தம் போட்டால் அது பேரிங் தேய்மானம், வேகத்தைக் குறைத்தாலும் போகாது. ஸ்டிக்கரைப் பாதி உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் ஓடும், நிரந்தரத் தீர்வு மாற்றுவதுதான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஏசி அறையில் உறைந்து பிசினாகிவிடும். ஹார்ட் டிஸ்க் 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 முறை அதிரும், அந்த "ம்ம்ம்" ஒலி தகட்டுக்கும் மேசைக்கும் ஏறும். ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் போட்டால் அடங்கும். ஆனால் புதிதாக "டக், டக்" என்று கேட்டால் சத்தத்தை மறந்துவிட்டு முதலில் கல்யாண ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் கத்தினால் அதைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 325 வோல்ட், சிலவற்றில் 400-ஐ நெருங்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். வாரண்டி இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

கடைசியாக, கணினியைத் தொடாமலே செய்யக்கூடிய ஒன்று. கேபினெட் இப்போது மேசை மேல், தொட்டிலைப் பார்த்து இருக்கிறது என்று நினைக்கிறேன். மேசைக்குக் கீழே, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பலகை மேல், பின்பக்கம் தொட்டிலுக்கு எதிர்த்திசையில் திரும்பும்படி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். நான்கு சுவருக்குள் சத்தம் எதிரொலிப்பதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் தெரியும். பக்கத்து அறை இருந்தால் ஐந்து மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிளும் நல்ல யுஎஸ்பி எக்ஸ்டென்ஷனும் வாங்கி, கேபினெட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்து ஓட்டுகிற எடிட்டர்கள் இருக்கிறார்கள். அதுவும் முடியாதென்றால் டைம்லைன் வேலையை ராத்திரி வைத்துக்கொண்டு, ரெண்டரை மட்டும் வரிசையில் போட்டுக் காலையில் குழந்தை எழுந்த பிறகு ஓட்ட விடுங்கள்.